சாக்கடலில் மீனா, தீயா?

வேதாகம நாடுகளின் பழைய வரைபடம் எது கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது சாக்கடலை. வரைந்தவர் எப்படிப்பட்டவர் என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜோர்டான் நாட்டின் மாதபா ஊரில், புனித ஜார்ஜ் தேவாலயத் தரையில் இருப்பது 6ஆம் நூற்றாண்டு வரைபடம். வண்ணக் கல்துண்டுகளைப் பதித்துச் செய்தது. செய்தவர் பெயர் இல்லை. யோர்தான் நதியோடு வரும் ஒரு மீன், சாக்கடல் வாய்க்கு வந்ததும் உப்புக்குப் பயந்து திரும்பி, எதிர்நீச்சல் போடுகிறது. கடலில் இரண்டு சரக்குப் படகுகள். அந்தத் தண்ணீரை அறிந்தவரின் கை இது.

இன்னொரு படத்தை வரைந்த கிறிஸ்தியான் வான் அட்ரிகெம், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரப் பாதிரியார். மதச் சண்டையில் ஊரைவிட்டுப் போய், ஜெர்மனியின் கொலோனில் 1585இல் இறந்தார். புனித நாட்டை அவர் பார்த்ததே இல்லை. வேதத்தையும் யாத்திரிகர்களின் குறிப்புகளையும் வைத்தே வரைந்தார். 1590இல் வெளிவந்த அவருடைய படத்தில், தீயால் அழிந்ததாக வேதம் சொல்லும் சோதோமும் கொமோராவும் சாக்கடலுக்குள் இன்னும் எரிகின்றன.

எருசலேமிலும் இதே வித்தியாசம்தான். மாதபா படத்தில் நகரின் நடுவே தூண்கள் வரிசையிட்ட ஒரு வீதி ஓடுகிறது. 1970களில் தொல்லியலாளர் நாமன் அவிகாத் தோண்டியபோது அந்த வீதியே கிடைத்தது! அட்ரிகெமின் எருசலேமோ சதுரமான ஊர். எல்லாக் காலத்துக் கட்டடங்களும் ஒன்றாக நிற்கின்றன.

ஆனால் அவரை ஒதுக்க எனக்கு மனம் வராது. நம்மூர்க் கத்தோலிக்கக் கோயில்களில் தவக்காலத்தில் செய்யும் சிலுவைப் பாதையின் முதல் 12 நிலைகள் அவருடைய எருசலேம் நூலில் அதே வரிசையில் இருக்கின்றன. 1695இல் ஆம்ஸ்டர்டாமில் ஆபிரகாம் பார் யாக்கோபு யூதர்களின் பஸ்கா நூலுக்குச் செதுக்கிய எபிரேய வரைபடத்துக்கும் மூலம் அவருடைய படம்தான். பாலும் தேனும் ஓடும் நாடு அல்லவா, பாலுக்குப் பசுக்களும் தேனுக்குத் தேன்கூடுகளும் அந்த எபிரேயப் படத்தில் அழகாக உண்டு.

சரி, எதை வைத்துக்கொள்வது? வேதத்தில் யோசுவா நூலை வாசிக்கிறவருக்கு அட்ரிகெம். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் எல்லைகள் பளிச்சென்று தெரியும். மாதபாவில் கலிலேயா பெரும்பாலும் அழிந்தே போய்விட்டது. மற்றபடி என் ஓட்டு மாதபாவுக்கு. பெரிய பிரதி கிடைத்தால் எரிகோவில் தொடங்குங்கள். ஊரைச் சுற்றிப் பேரீச்சை மரங்கள், அப்புறம் நதி, நதியில் அந்த மீன்.