ஊசி எடுக்காமல் ஃபர் பசு: எந்தத் துணி, எந்த உடல், எந்தப் பசை?

ஃபர் துணியில், அதாவது செயற்கை ரோமம் வைத்த துணியில், தைக்காமல் ஒட்டியே பசு பொம்மை செய்ய உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தப் பசை நன்றாகப் பிடிக்கும்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. ரோமத்தின் நீளம் எவ்வளவு, உள்ளே வைக்கும் உடல் எது என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால், பசைக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்காது.

கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் ஹோல்ஸ்டைன் பசுவுக்குக் குட்டை ரோமத் துணி வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருப்பது. வாங்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் தையல் இல்லாத வேலையில் இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தை மறைக்க ரோமத்தை விட்டால் வேறு வழி கிடையாது. குட்டை ரோமத்தில் ஒவ்வொரு ஒட்டும் கோடு போட்டதுபோல் தெரியும். போதாக்குறைக்குக் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் வேறு. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே அது சோதனைதான்.

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் மாடு இந்த விஷயத்தில் நமக்கு உதவுகிறது. குளிரும் மழையும் விடாத மலைப்பகுதியில் வளர்ந்த இனம் அது. உள்ளே மென்மயிர், மேலே 30 சென்டிமீட்டர் வரை தொங்கும் நீள்மயிர் என இரட்டைப் போர்வை. கண்ணை மறைத்து விழும் நெற்றி மயிர். ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு. அந்த இனத்துக்கான சங்கம் 1884இல் தொடங்கி, அடுத்த ஆண்டே வம்சப் பதிவேட்டையும் வெளியிட்டுவிட்டது. செம்பழுப்பு நிறம்தான் எல்லோருக்கும் தெரிந்தது என்றாலும் கறுப்பு, மஞ்சள், வெள்ளை, சாம்பல் கலந்த பழுப்பு எல்லாமே அதில் உண்டு. ஆகவே கடையில் கிடைத்த நிறத்தை வாங்கி வந்தாலும் பசு பொய்யாகிவிடாது. ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ரோமம் இருந்தால் போதும். ஒட்டு, மேடு, பள்ளம் எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் குட்டை ரோமத்தைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆனால் நீள் ரோமத்தை வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். கத்தரிக்கோலை நேராக விட்டு நறுக்கினால் ஓரத்து மயிர் எல்லாம் மொட்டையாகி, எந்தப் பசையாலும் சரிசெய்ய முடியாத விளிம்பு வந்துவிடும். துணியைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்துப் பின்னலின் மேல் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். பிளேடு நுனியால் அந்தப் பின்னலை மட்டும் கீறி, இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால் மயிர் வெட்டுப்படாமல் பிரிந்து வரும். பிறகு துண்டுகளைப் பழைய தலையணை உறைக்குள் போட்டு வாசலில் உதறுங்கள். மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்வது நல்லது. வரையும்போதே ரோமம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அம்புக்குறி போட்டுக்கொள்ள வேண்டும். நெற்றியில் மயிர் கீழ்நோக்கி விழ வேண்டும். மூக்கின் மேல் அது கண்ணை நோக்கிப் போக வேண்டும். இது மாறினால், செய்தது பசுவா நாயா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

உடலுக்கு மூன்று வழிகள். காலுறைக்குள் அரிசி நிரப்பி ரப்பர் பேண்ட் போட்டு உட்கார வைக்கும் பசு மிகச் சுலபம். நம் ஊரில் அரிசிக்கு வண்டு வரும், உப்பு வைத்தால் மழைக்காலத்தில் கசியும். கழுவிக் காயவைத்த மணலை அடியில் போட்டு, மேலே பஞ்சை அடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. தெர்மாகோல் கூம்பும் உருண்டையும் வடிவத்துக்கு அருமை, எடையும் கிடையாது. ஆனால் சூட்டுக்கும் ஆகாது, சில பசைகளில் இருக்கும் கரைப்பானுக்கும் ஆகாது. அட்டைப்பெட்டியை வெட்டி, செய்தித்தாளைக் கசக்கி ஒட்டி முகத்தை மேடாக்கிச் சுவரில் மாட்டும் தலைதான் என் விருப்பம். எந்தப் பசையையும் தாங்கும், செலவும் இல்லை.

இனிப் பசை. சூட்டுப் பசைத் துப்பாக்கியின் பெரிய பலம் வேகம். காதையோ கொம்பையோ பிடித்து அரை நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். அதன் குறை, மெல்லிய பின்னல் வழியாகக் கசிந்து ரோமத்தைக் கட்டியாக்குவதும், விரலைச் சுடுவதும். தெர்மாகோல் மேல் நேரடியாக வைத்தால் குழி விழும். அங்கே குறைந்த சூட்டில் இயங்கும் துப்பாக்கியை எடுத்து, பசையைத் துணியில் வைத்து, சில நொடி ஆறவிட்டு அழுத்த வேண்டும்.

ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை அட்டைக்கு மிகப் பொருத்தம். அட்டை ஈரத்தை உறிஞ்சும், ஒட்டு தட்டையாக அமையும், நகர்த்திச் சரிசெய்ய அவகாசமும் இருக்கும். ஆனால் குண்டூசி குத்தி ஓர் இரவு விட்டாக வேண்டும். ஐப்பசி மழையில் அதற்கும் மேல். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் நெடியடிக்கும் ரப்பர் பசைதான் மூன்றிலும் வலுவானது. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு உலரவிட்டுச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது. தெர்மாகோலை அது கரைத்துத் தின்றுவிடும், ஆகவே அட்டைக்கும் பலகைக்கும் மட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் வேலை செய்யுங்கள். இருபக்க டேப்பைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பின்னலின் தூசி பட்டதும் கழன்றுவிடும்.

நான் தேர்ந்தெடுப்பது கலவை முறை: முகத்துக்கும் உடலுக்கும் வெள்ளைப் பசை, காது, கொம்பு, கண்ணுக்குச் சூட்டுப் பசை. எதுவானாலும் விளிம்பில் அரை சென்டிமீட்டர் பசையில்லாமல் விட்டு, காய்ந்தபின் பழைய பல் துலக்கும் பிரஷால் மயிரை ஒட்டின் மேல் வாரிவிட வேண்டும்.

கொம்புக்குக் களிமண் வேண்டாம், தலை முன்னால் கவிழ்ந்துவிடும். அலுமினியக் கம்பியை வளைத்து, காகித டேப் சுற்றி, மேலே சணல் கயிறு சுற்றினால் எடை தெரியாது. இரண்டு கொம்புக்கும் தனித்தனிக் கம்பி செருகாமல், ஒரே கம்பியைத் தலைக்குள் குறுக்கே ஓடவிடுங்கள். பசை விட்டாலும் கொம்பு விழாது.

வைக்கும் இடத்திலும் சுவர்த் தலைக்கே என் வாக்கு. மேசையில் நிற்கும் பசு ஒரு மாதத்தில் தூசியை வாரிக்கொள்ளும், குழந்தைகள் கைக்கும் எட்டும். சுவரில் இருப்பதை வாரம் ஒருமுறை பிரஷால் கீழ்நோக்கி வாரினால் போதும். நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம், சூட்டுப் பசை இளகும். பூஜை அறைப் பக்கமும் வேண்டாம். செயற்கை ரோமம் அக்ரிலிக், பாலியஸ்டர் இழைகளால் ஆனது, விளக்குச் சுடர் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.