என் டர்போவை எனக்கே விற்றார்கள்

மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ எஞ்சின் (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ) உள்ள வண்டி யாரிடம் இருக்கிறதோ, அதற்கு டைமிங் பெல்ட் மாற்றும் கெடு யாருக்கு நெருங்குகிறதோ, அவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறையில் விடவும். நான் ஏமாந்த பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த ஒரு வாசலை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த வாசலில் போய் இதே குழியில் நீங்கள் விழுவதால் யாருக்கு என்ன லாபம்? எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்கிறேன்.

என்னுடையது லேன்சர் எவல்யூஷன் 6. 1999இல் வந்த மாடல். 1,997 சி.சி., நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், 6,500 சுற்றில் 280 குதிரைத்திறன். அந்த 280ஐ அப்படியே நம்ப வேண்டாம். அதற்கு மேல் எந்த எண்ணையும் விளம்பரத்தில் போடுவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்திருந்த காலம் அது. டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை வரிசையாக நான்கு உலக ராலிப் பட்டங்களை வென்றது இந்த எஞ்சின் பொருத்திய வண்டிகளில்தான். இவ்வளவு பெருமையும் எஞ்சினின் ஓரத்தில் மூடிக்குள் சுற்றும் இரண்டு ரப்பர் பெல்ட்டுகளை நம்பித்தான் நிற்கிறது.

இரண்டு பெல்ட் என்பதைக் கவனிக்கவும். பெரியது எல்லோருக்கும் தெரிந்த டைமிங் பெல்ட், பிஸ்டன்களும் வால்வுகளும் தாளம் தவறாமல் இயங்கவைப்பது. அதற்குப் பின்னால் சிறியதாக இன்னொன்று ஒளிந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சினுக்கு இயல்பிலேயே ஓர் அதிர்வு உண்டு. எஞ்சினைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு சமநிலை ஷாஃப்டுகளை வைத்து அதை அடக்கலாம் என்று கண்டுபிடித்தவர் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர். அதை மெருகேற்றிக் காப்புரிமை வாங்கியது மிட்சுபிஷி. போர்ஷேகூடத் தன் 944 வண்டிக்காக மிட்சுபிஷிக்கு உரிமத்தொகை கட்டியது. 4ஜி63இல் ஒரு ஷாஃப்டை அந்தச் சிறிய பெல்ட் சுற்றுகிறது. மற்ற ஷாஃப்ட் எண்ணெய் பம்புடன் கோத்திருக்கிறது. அந்தப் பம்பைச் சுற்றுவது பெரிய பெல்ட். நான் ஏமாந்த கதை முழுவதும் இந்த ஒரு பத்திக்குள் அடங்கிவிடுகிறது. அன்று எனக்கு இதில் ஒரு வரியும் தெரியாது.

90,000 கி.மீ. நெருங்கியதும், வேகவண்டிகளுக்கென்றே பெயர் வாங்கிய ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். பளபளக்கும் தரை, சுவரில் கோப்பைகள். மூன்றாம் நாள் வண்டி வந்தது. பில்லில் பெரிய பெல்ட், சிறிய பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், புல்லிகள், தண்ணீர் பம்ப் எல்லாம் ‘புதியது’ என்று வரிசையாக இருந்தன. பழைய சாமான்களைக் கேட்டேன். “கழிவோடு போய்விட்டது சார்” என்றார் உரிமையாளர். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் பிறகு வட்டி கட்டினேன்.

வீடு வருவதற்குள்ளேயே உதறல் தெரிந்துவிட்டது. 3,000 சுற்றைத் தாண்டியதும் இருக்கையின் அடியில் யாரோ தரையைத் துருவுவதுபோல ஓர் அதிர்வு. பின்னோக்குக் கண்ணாடியில் தெரிந்த வண்டிகளெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. மறுநாளே திரும்பப் போனேன். “எஞ்சின் மவுன்ட் தளர்ந்திருக்கிறது” என்றார்கள். மாற்றினார்கள், காசு கொடுத்தேன், உதறல் அப்படியே இருந்தது. மூன்றாவது முறை போனபோது உரிமையாளரே வந்து பானெட்டைத் திறந்தார்.

அவர் செய்துகாட்டியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதைச் செய்துகாட்டுவார்கள். டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளே சிறிய காற்றாடிபோலத் தெரிந்த சக்கரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். அது ஆடியது. “பாருங்கள் சார், ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது” என்றார். பிறகு குழாயின் உட்புறத்தில் விரலை விட்டு எடுத்தார். விரலில் எண்ணெய். “டர்போ எண்ணெய் கக்குகிறது. இப்படியே ஓட்டினால் சக்கரம் உடைந்து எஞ்சினுக்குள் போகும். அப்புறம் எஞ்சினே இல்லை.” எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அன்றே சரி என்றேன். நான்கு மாதச் சம்பளம் போயிற்று.

இரண்டுமே பொய்யான சாட்சிகள். இந்த டர்போவின் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்கிறது, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல். எஞ்சின் நின்றிருக்கும்போது அந்தப் படலத்துக்கு அழுத்தம் கிடையாது. ஆகவே பக்கவாட்டில் சற்று ஆடத்தான் செய்யும், நல்ல டர்போவும் ஆடும். பார்க்க வேண்டியது ஷாஃப்டின் நீளவாக்கில், முன்னும் பின்னும் அசைவு இருக்கிறதா என்பதை. அது விரலுக்குத் தட்டுப்படவே கூடாது. சக்கரத்தின் நுனி கூட்டின் சுவரில் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குழாயில் இருந்த எண்ணெய்ப் பூச்சோ, எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை மீண்டும் காற்றுவழிக்குள் விடும் ஏற்பாட்டால் வருவது. மெல்லிய பூச்சு ஏறக்குறைய எல்லா டர்போ வண்டியிலும் உண்டு. தேங்கி வழிந்தால்தான் கவலை.

இதைவிடப் பெரிய தடயம் என் கண் முன்னாலேயே இருந்தது. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து 3,000 வைத்தாலே உதறியது. அப்போது டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மானியின் முள் பூஜ்யத்தைக்கூடத் தொடவில்லை. டர்போ அழுத்தமே கொடுக்கவில்லை. அழுத்தம் கொடுக்காத டர்போ எப்படி வண்டியை உலுக்கும்? டர்போவின் சமநிலை கெட்டால் சங்கு ஊதுவதுபோலக் கீச்சென்று கத்தும். இருக்கையை உலுக்காது. இதை அன்று யோசித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

‘புதிய’ டர்போ வந்தது. அட்டைப்பெட்டியைக் காட்டினார்கள். பெட்டிக்குள் இருந்ததைக் காட்டினார்களா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. உதறல் போகவில்லை. “புது டர்போ செட் ஆக ஆயிரம் கி.மீ. ஓட வேண்டும் சார்.” ஓட்டினேன். ஆயிரமும் ஆயிற்று, கூட ஐந்நூறும் ஆயிற்று. பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் என் மைத்துனர் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார். கோப்பைகள் கிடையாது, பளபளப்பும் கிடையாது. ஒரு கொட்டகை, தனியாள். நான் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பி, உதறல் பெல்ட் மாற்றுவதற்கு முன்னாலா, பின்னாலா?”

“பின்னால்தான் ஐயா.”

“அப்படியானால் டர்போவை ஏன் கழற்றினார்கள்?”

என்னிடம் பதில் இல்லை.

மூடிகளைக் கழற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, பெல்ட் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று காட்டும் குறிகளைக் காட்டினார். எல்லாம் நேராக நின்றன. எண்ணெய் பம்பின் பல்சக்கரக் குறியும் சரியாகத்தான் நின்றது. “இதைப் பார்த்துவிட்டுத்தான் மூடியிருப்பார்கள்” என்றார். பிறகு 8 மி.மீ. தண்டுள்ள ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியிலிருந்து 60 மி.மீ. அளந்து, அந்த இடத்தில் கறுப்பு நாடாவைச் சுற்றினார். சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றினால் ஒரு துளை. அதற்கு நேர் உள்ளே எண்ணெய் பம்புடன் கோத்த சமநிலை ஷாஃப்ட். ஷாஃப்ட் சரியான நிலையில் இருந்தால் ஸ்க்ரூடிரைவர் 60 மி.மீ.க்குமேல் உள்ளே போக வேண்டும். தலைகீழாக நின்றால் 20, 25 மி.மீ.யிலேயே முட்டிக்கொள்ளும். பல்சக்கரத்தின் குறி இரண்டு நிலையிலும் ஒரேபோல நேராகத் தெரியும். அதனால்தான் தொழிற்சாலைக் கையேடே இந்தச் சோதனையைச் சொல்கிறது.

ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்து, “நீங்களே விடுங்கள்” என்றார். விட்டேன். ‘டக்’ என்று நின்றது. கறுப்பு நாடா துளைக்கு வெளியே, வெகுதூரத்தில் இருந்தது.

ஷாஃப்ட் 180 பாகை திரும்பி நின்றிருக்கிறது. அதிர்வை அடக்க வேண்டிய ஷாஃப்ட் அதிர்வைக் கூட்டிக்கொண்டிருந்தது. மவுன்ட், டர்போ எல்லாம் வீண். பெல்ட்டைக் கழற்றி, பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று திருப்பி மறுபடி விட்டதும் ஸ்க்ரூடிரைவர் நாடாவைத் தாண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

கதை அங்கே முடிந்திருந்தால் திறமைக்குறைவு என்று விட்டிருப்பேன். பெரிய பெல்ட்டின் முதுகில் தயாரிப்பு எழுத்துகள் அப்படியே பளிச்சென்று இருந்தன. அதை உண்மையிலேயே மாற்றியிருக்கிறார்கள். அதன் பின்னாலிருந்த சிறிய பெல்ட்டில் ஓர் எழுத்தும் மிச்சமில்லை. பின்பக்கமாக வளைத்தபோது பற்களின் வேரில் கீற்றுக் கீற்றாக வெடிப்பு, ஒரு பல்லின் அடியில் நூல் துருத்திக்கொண்டிருந்தது. பில்லில் ‘புதியது’ என்றிருந்த அதே பெல்ட். அது அறுந்தால் சும்மா விழாது. பெரிய பெல்ட்டுக்கு அடியில் சிக்கி அதையும் பல் தாண்டவைக்கும். இந்த எஞ்சினில் டைமிங் தவறினால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். நான் அந்தப் பெல்ட்டை நம்பி நெடுஞ்சாலையில் ஆயிரத்து ஐந்நூறு கி.மீ. ஓட்டியிருக்கிறேன்.

வேலைக்கு இடம் வேண்டி அவர் காற்றுக் குழாயைக் கழற்றியபோதுதான் அந்தக் கீறலைப் பார்த்தேன். டர்போவின் காற்றுக் கூட்டில், வாய்க்குப் பக்கத்தில், அரிவாள்போல வளைந்த ஒரு கீறல். இரண்டு வருடத்துக்கு முன் குழாய்ப் பட்டையை இறுக்கும்போது என் கை வழுக்கி நானே போட்டது. கூட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி வெள்ளிபோலப் பளபளக்கவைத்திருந்தார்கள். கீறல் ஆழமாக இருந்ததால் போகவில்லை. நான்கு மாதச் சம்பளத்துக்கு நான் வாங்கியது என் டர்போவைக் குளிப்பாட்டிக் கொடுத்ததைத்தான்.

பெரியவர் இரண்டு பெல்ட்டையும் புதிதாகப் போட்டார். டென்ஷனரையும் மாற்றச் சொன்னார், போட்டிருந்தது பழையதுதான். புது டென்ஷனரின் தண்டை வைஸில் மெதுவாக, மிக மெதுவாக அழுத்தி, ஊசி செருகி நிறுத்தினார். பெல்ட் நழுவாமலிருக்க, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் சக்கரங்களில் காகிதம் கோக்கும் கிளிப்புகளைப் போட்டார். ஊசியை உருவிய பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ பேச வாயெடுத்தபோதும் கையமர்த்திவிட்டார். பிறகு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவைப் பார்த்தார். 3.8 முதல் 4.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 4.1 இருந்தது. வண்டியைக் கிளப்பினோம். 3,000, 4,000, 5,000. கண்ணாடியில் எல்லாம் ஒற்றையாகத் தெரிந்தன.

வண்டியை விடப்போகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. டர்போவின் மேல் அறைந்திருக்கும் சிறு தகட்டில் வரிசை எண் இருக்கிறது. வண்டியை விடுவதற்கு முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, என்னைக் காப்பாற்றியது என் கைத்தவறு. பழைய சாமான்கள் வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் எல்லாமே கழிவோடு போயிருக்கும். ஸ்க்ரூடிரைவர் துளைக்குள் இருக்கும் படம் ஒன்று கேளுங்கள். எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டால், அவருக்கு இந்த எஞ்சின் தெரியாது. சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கீறலின் படம், வெடித்த பெல்ட்டின் படம், பில் மூன்றையும் அந்த உரிமையாளருக்கு அனுப்பினேன். மவுன்ட்டுக்கு வாங்கிய பணத்தை மட்டும் மறுநாள் திருப்பி அனுப்பினார். டர்போவைப் பற்றி இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு வரி வந்தது: “அந்த மாடல் டர்போ எல்லாவற்றிலும் அந்த இடத்தில் அப்படி ஒரு கீறல் இருக்கும் சார்.”