தென்னைநார் மண்காப்பு வலை: மானாவாரிச் சரிவுகளில் எடுபடுமா?

பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் நெய்து வரும் வலை இது. கடையில் 'கயர் ஜியோ' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சாலைச் சரிவுக்கும் குளக்கரைக்கும் பழக்கமான சரக்குதான். மானாவாரி நிலத்துக்கு வாங்கலாமா என்பதே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வரப்புச் சரிவு, பண்ணைக்குட்டைக் கரை, ஓடை அரித்துக்கொண்டு ஏறும் முகப்பு, இந்த மூன்றுக்கும் தாராளமாக வாங்கலாம். உழுத வயலில் விரிப்பதற்கென்று வாங்கினால் காசுக்குக் கேடு.

ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். வெறும் செம்மண்ணில் அது இறங்காததற்குக் காரணம் மண்ணுக்குள் இல்லை, மேலே இருக்கிறது. பெரிய துளிகள் நொடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதிக் கட்டிகளை உடைக்கின்றன. தெறித்த பொடிமண் துவாரங்களை அடைத்து, காய்ந்ததும் ஏடாக இறுகுகிறது. அடுத்த மழைக்கு அந்த ஏடே தண்ணீரை வழித்துவிடுகிறது. ஆகவே மூடாக்கின், அதாவது வலையோ தட்டையோ தரையை மூடிக் கிடக்கும் எதுவானாலும், அதன் முதல் வேலை துளியின் அடியைத் தாங்குவது. ஓடும் நீரைத் தடுப்பது அதற்கு அடுத்ததுதான். தரையில் மூன்றில் ஒரு பங்கு மூடியிருந்தாலே மண் இழப்பு பாதிக்கு மேல் குறையும். வழிந்தோடும் நீர் அவ்வளவு சீக்கிரம் குறையாது. மண் வருவது நின்றாலும் தண்ணீர் கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருக்கும். வலை போட்ட பிறகும் தண்ணீர் ஓடுகிறதே என்று பதற வேண்டாம். அது தெளிந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

மரநிழல் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயர்ந்த மரத்தின் இலைநுனியில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரிது. கீழே வருவதற்குள் வேகமும் பிடித்துவிடும். வேம்படியில் கூட்டிப் பெருக்கிய வெறுந்தரை அரிக்கப்படுவது இதனால்தான். மூடாக்கு தரையோடு கிடந்தால்தான் பலன்.

வலை மூன்று தரங்களில் கிடைக்கிறது: சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம். 400-ன் கண்ணில் கட்டைவிரல் நுழையும். பாதிக்கு மேல் திறந்த வெளிதான். 700-ல் சுண்டுவிரலே சிரமப்படும். 900 கிட்டத்தட்ட சாக்கு மாதிரி. சாய்வு குறைந்த மேட்டுக்கு 400 போதும். வரப்பு முகத்துக்கும், ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி தள்ளிச் சரியும் குட்டைக் கரைக்கும் 700 எடுங்கள். 900 ஓடை முகப்புக்கு மட்டும். அதன் கண்ணுக்குள் புல் முளைத்து வெளியே வரத் திணறும்.

விலை எடையோடு ஏறும், ஆகவே தராசு முக்கியம். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளமுள்ள சுருளில் 100 சதுர மீட்டர். 700 தரம் என்றால் 70 கிலோ இருக்க வேண்டும். ஈரநார் எடை கூடிக் காட்டும். சுருளின் உள்ளே கைவிட்டுப் பார்த்து, காய்ந்ததை மட்டும் எடைபோடச் சொல்லுங்கள். வயல் முழுக்கப் போடுவது ஏன் கட்டுப்படியாகாது என்பதும் இதே கணக்கில் தெரியும்: ஏக்கருக்கு 400 தரமே 1,600 கிலோ நார் வேண்டும்.

வலை நல்லதா கெட்டதா என்பது பாதிக்கு மேல் விரிக்கும் விதத்தில் இருக்கிறது. சரிவில் உள்ள குழி, கட்டி, வேர்முடிச்சு எல்லாவற்றையும் சமப்படுத்திய பிறகே விரிக்க வேண்டும். வலை மண்ணைத் தொடாமல் கூடாரம்போல் நிற்கும் இடத்தில் தண்ணீர் அடியில் ஓடி வாய்க்கால் பறித்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, கரை சரிந்த பிறகுதான் தெரியும். குட்டைக் கரையில் உச்சிக்குச் சற்றுத் தள்ளி ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி, வலையின் தலைப்பை அதில் மடித்து, முளை அடித்து, மண் போட்டு இடித்து இறுக்குங்கள். வரப்புக்குச் சுருளை நீளவாக்கில் உருட்டி, மேல் ஓரத்தை அரையடி புதைத்தால் போதும். ஒட்டு வரும் இடத்தில் மேல்வலை கீழ்வலைமீது அரையடி ஏறியிருக்கட்டும், ஓடு வேய்வதைப் போல. இழுத்துக் கட்டாதீர்கள். தளர விட்டுத் தண்ணீர் தெளித்தால் நார் கனத்துத் தானே மண்ணோடு படியும்.

முளை மீட்டருக்கு ஒன்று, ஒட்டில் இன்னும் நெருக்கம். ஒரு சுருளுக்கு 150 முதல் 200 வரை ஆகும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரடி நீள மூங்கில் முளை செம்மண்ணில் இறங்கும். சரளையில் மூங்கில் பிளந்துவிடும். அங்கே கம்பியை 'ப' வடிவில் வளைத்து அடிக்க வேண்டும். கரையான் நாரைவிட முளையைத்தான் முதலில் தின்னும்.

வலை இரண்டு மூன்று வருடத்தில் மக்கிவிடும். அதற்குள் புல் வேர் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியதே வீண். காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, வறட்சியிலும் மூடி வைத்திருக்கும் கொழுக்கட்டைப் புல்லே இதற்குச் சரியான கூட்டாளி. புதிதாக உருவிய விதை முளைக்காது, சில மாதங்கள் உறங்கும்; போன பருவத்து விதையைக் கேட்டு வாங்குங்கள். பஞ்சுபோல் இருப்பதால் காற்றில் பறக்கும், ஈரமணலோடு கலந்து தூவ வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் மண் மூடக் கூடாது. கூடவே முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் போடலாம். அதன் விதைத்தோல் கடினம், 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, பிறகு ஓரிரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். விதைப்பு முதலில், வலை அதன்மேல். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆட்டின் குளம்பு 400-ன் கண்ணில் மாட்டிக்கொள்ளும்; ஆடு மிரண்டு இழுத்தால் வலையோடு முளையும் வந்துவிடும். முதல் வருடம் மேய்ச்சலுக்கு விடாதீர்கள். கோடையில் பீடித்துண்டு ஒன்று போதும், காய்ந்த நார் ஓடி எரியும். மேல்வயல் தண்ணீர் ஒரே இடத்தில் கூடிப் பாயும் குட்டை வாய்க்கு எந்தத் தர வலையும் தாங்காது. அங்கே கல் பதித்தே ஆகவேண்டும்.

மாற்றுச் சரக்குகளில் சணல் வலை விலை குறைவு, ஆனால் சீக்கிரம் மக்கிவிடும். புல் வேகமாக எழும் இடத்துக்கு மட்டும் ஆகும். பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டைச் சரிவில் போடவே வேண்டாம். ஷீட்டின்மேல் விழும் தண்ணீர் முழுக்க இடைச்சாலில் இறங்கி, அங்கே இருமடங்காய் அரிக்கும். சொட்டுநீர்க் காய்கறிக்கு அது சரி, மானாவாரிக்கு இல்லை. மக்காத நார்க்கழிவைத் தூவினால் முதல் பெருமழையிலேயே மிதந்து போய்விடும்.

வயலுக்கு என்னதான் போடுவது? சோளத்தட்டை, கம்பந்தட்டை. மாட்டுக்குப் போகும் தீவனம் ஆயிற்றே என்ற கேள்வி நியாயமானது. முழுவதும் விட வேண்டியதில்லை. முழங்கால் உயரம் விட்டு அறுத்து, அடித்தட்டையைச் சாய்த்துவிட்டால் கணிசமாக மூடும். போதுமா என்று தெரிய, 100 முடிச்சுப் போட்ட கயிற்றை உழவுசாலுக்குக் குறுக்காகக் கோணலாக இழுத்து, தட்டையைத் தொடும் முடிச்சுகளை எண்ணுங்கள். 30-க்குக் குறைந்தால் போதாது. மேலாகக் கிடக்கும் சரளைக்கல்லையும் பொறுக்கி எறியாதீர்கள், அதுவும் மூடாக்குதான். பெருமழைக்குப் பிறகு ஒரு கல்லின் அடியைக் குனிந்து பாருங்கள்: கல் காப்பாற்றிய மண் குட்டித் தூணாக நிற்கும். அந்தத் தூணின் உயரம் சுற்றிலும் போன மண்ணின் கனம், ஒரு மி.மீ. என்றால் ஏக்கருக்கு ஐந்து டன்னுக்கு மேல்.