டயட் சொல்பவரிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் நம்மவர்கள், அதிலும் வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

புரட்டாசி விரதம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, சாட்ஸ்வொர்த்தில் 'நியூட்ரிஷன் கோச்' என்று போர்டு மாட்டியிருந்த ஒரு பெண்மணியிடம் என் மாமனாரை அழைத்துப் போனேன். கோயிலில் பழக்கமானவர்கள் சொன்ன இடம். வெள்ளைக் கோட்டு, சுவரில் ஃப்ரேம் போட்ட சான்றிதழ். 1,800 ரேண்ட் வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார். சோறு, ரொட்டி, பிரெட், பீன்ஸ் கறி எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்த வேண்டும், காலையில் அவர் விற்கும் பவுடர் மட்டும்தான். மாமா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஐந்தாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு அத்தை வந்து கதவைத் தட்டினார். மாமாவின் பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்க, பேச்சுக் குழற, என்னை யாரோ மாதிரி பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 2.8 மில்லிமோல். இந்தியாவில் பார்க்கும் மில்லிகிராம் கணக்கில் சுமார் 50. இங்கே 4-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து வாய் வாயாகக் குடிக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அவர் சாப்பிடுவது கிளிமெபிரைடு. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதென்றால் மாத்திரை அளவையும் டாக்டர் மாற்றியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த பில்லை மெடிக்கல் எய்டுக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டுக்கு அனுப்பினால், வைத்தியம் பார்ப்பவருக்கான பிராக்டிஸ் நம்பர் அதில் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்போதுதான் ஹெச்பிசிஎஸ்ஏ-வின், அதாவது டாக்டர்கள், டயட்டீஷியன்கள் போன்றவர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்கக் கவுன்சிலின், ஐரெஜிஸ்டர் என்ற ஆன்லைன் பதிவேட்டில் தேடினேன். பெயரைப் போட்டால் போதும், காசு கிடையாது. அவர் பெயர் அதில் இல்லவே இல்லை. 1974-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டப்படி டயட்டீஷியன்கள் அங்கே பதிந்திருக்க வேண்டும். அவர்கள் எண் 'டிடி' (DT) என்று தொடங்கும். 'கோச்', 'கன்சல்டன்ட்' என்றெல்லாம் அங்கே ஒரு பதிவே கிடையாது. கீரை சாப்பிடு, சர்க்கரையைக் குறை என்று யாரும் யாருக்கும் சொல்லலாம். ஒரு நோயாளிக்கு அவர் நோய்க்கென்று உணவு எழுதித் தருவது வேறு விஷயம்.

மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் தென்னாப்பிரிக்க டாக்டர், பேராசிரியர் டிம் நோக்ஸ் கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். குழந்தை உணவைப் பற்றி 2014-இல் ட்விட்டரில் சொன்ன ஒரே பதிலுக்காக அவரை விசாரித்தார்கள். 2017-இல்தான் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. அவர் சொன்னது சரியா தப்பா என்பது இருக்கட்டும். பதிவு பெற்ற டாக்டர் என்பதால் அவரைக் கவுன்சில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க முடிந்தது. இந்தப் பெண்மணியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நான் வைத்தியம் பார்க்கலையே, டிப்ஸ்தானே குடுத்தேன், நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு" என்றார். பறிக்க அவரிடம் பதிவும் இல்லை.

பதிவில்லாதவர்களை விசாரிக்க ஹெச்பிசிஎஸ்ஏ-வில் இன்ஸ்பெக்டரேட் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பில், அந்தத் தாள், பவுடர் டப்பாவின் படம் எல்லாம் சேர்த்துப் புகார் அனுப்பிவிட்டேன். நீங்களும் அவரிடம் போயிருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது மாமாவைப் பார்ப்பவர் பதிவு பெற்ற டயட்டீஷியன். உட்கார்ந்ததும் அவர் கேட்டது மாத்திரைப் பையைத்தான். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்து எழுதிக்கொண்டு, அதற்கப்புறம்தான் புரட்டாசியில் என்ன சமைப்பீர்கள் என்று அத்தையிடம் விசாரித்தார். மாமாவுக்குப் பீன்ஸ் கறி திரும்பக் கிடைத்துவிட்டது, அளவோடு.