ஐபோன் படம் கொம்பியூட்டரில் திறக்கவில்லை என்றால், கடைக்குக் கொண்டுபோக முன் இதை வாசியுங்கள்

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நடந்தது இது. லண்டனில் இருந்து வந்த மகள், பேத்தியின் சாமத்தியவீட்டுப் படங்கள் 312ஐ ஐபோனில் இருந்து அம்மாவின் லேப்டொப்புக்கு மாற்றினார். போனில் இடம் இல்லாததால் அதில் இருந்தவற்றை அழித்துவிட்டுப் பயணமானார். அதன்பிறகு லேப்டொப்பில் ஒரு படமும் திறக்கவில்லை. டீச்சர் அதைப் பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தார்.

கடையில் சொன்னது: "டீச்சர், வைரஸ் பிடிச்சிருக்கு, படமெல்லாம் கரப்ட். ரிக்கவரி செய்யணும், விண்டோஸும் புதிசா போடணும்." ஐந்து கிழமை கழித்து, 12,500 ரூபா வாங்கிக்கொண்டு, லேப்டொப்பையும் படங்கள் உள்ள பென் டிரைவ் ஒன்றையும் கொடுத்தார்கள். பில்லில் டேட்டா ரிக்கவரி என்று எழுதியிருந்தது.

அந்தப் படங்களுக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7உம் அதன் பின் வந்தவையும், நாம் மாற்றாவிட்டால், கமெரா படங்களை எச்ஈஐசி என்ற வகையில்தான் சேமிக்கின்றன. பழைய ஜேபெக் (ஜேபிஜி) வகை பிடிக்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதிதான் இதற்குத் தேவை. பல விண்டோஸ் கொம்பியூட்டர்களில் அதைத் திறக்கும் துணை மென்பொருள் இருப்பதில்லை. அதனால் படத்துக்குப் பதிலாக வெறும் வெள்ளை ஐகன் தெரியும். அந்தத் துணை மென்பொருளின் பெயர் ஹீஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ், மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் இலவசம். அதோடு எச்ஈவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸும் கேட்டால் அதன் விலை 0.99 அமெரிக்க டொலர். அதையும் கட்ட விருப்பமில்லை என்றால், படத்தை கூகுள் போட்டோஸில் ஏற்றுங்கள், பிரவுசரிலேயே திறக்கும். பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் படம் மாறாது. பெயர் மட்டும்தான் மாறும்.

உண்மையிலேயே பழுதான படத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஃபோல்டரில் வியூ என்பதற்குள் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இயக்குங்கள், பெயரின் வால் தெரியும். பிறகு படத்தின் மேல் வலது கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் ஐபோன் படம் எச்ஈஐசியில் பெரும்பாலும் 1 முதல் 2 எம்பி வரை இருக்கும். 0 கேபி என்றால் உள்ளே ஒன்றுமில்லை. பாதிப் படம் தெரிந்து மீதி சாம்பல் நிறமாக இருந்தால், கொப்பி செய்யும்போது அறுந்திருக்கிறது. டீச்சரின் 312 படங்களும் சேர்த்து ஏறக்குறைய 530 எம்பி. வால் எச்ஈஐசி, அளவும் சரி. அங்கேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

இனி பென் டிரைவில் வந்ததைப் பாருங்கள். 312 படங்களும் சேர்த்து 60 எம்பிகூட இல்லை. நீளப் பக்கம் 1600 பிக்சல். ஒவ்வொரு பெயரிலும் தேதிக்குப் பின்னால் டபிள்யூஏ என்ற எழுத்துகளும் ஒரு இலக்கமும். அது அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் தானாக வைக்கும் பெயர். அதாவது, கடைக்காரர் படங்களை ஒரு போனில் திறந்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, சுருங்கி வந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கரப்ட் ஆன படத்தை வட்ஸ்அப்பில் இப்படி அனுப்ப முடியாது. படங்கள் நல்லாக இருந்தன என்பதற்கு அந்தப் பென் டிரைவே சாட்சி. வட்ஸ்அப் எடுத்த தேதியையும் கமெரா விபரத்தையும் நீக்கிவிடும். அதனால் எல்லாப் படமும் இப்போது கடைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பிய தேதியையே காட்டுகின்றன. அல்பம் அடிக்க அனுப்பினால் பெரிய பக்கத்தில் முகங்கள் மங்கித்தான் வரும். இதைவிடப் பாரதூரமானது, ஒரு சிறுமியின் குடும்பப் படங்கள் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குள் போயிருக்கின்றன.

விண்டோஸ் புதிதாகப் போடும்போது லேப்டொப்பை ஃபோர்மட் செய்து, அதில் இருந்த மூலப் படங்களையும் அழித்துவிட்டார்கள். அவற்றைத் திரும்ப எடுக்கலாமா? அந்த லேப்டொப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் புது வகை டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், ஃபோர்மட் செய்த பின்னும் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் கொஞ்சம் மீட்கலாம். மீட்டதை வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் ஃபோர்மட் செய்ததும் ட்ரிம் என்ற கட்டளை போய், பழைய இடங்களைத் துடைத்துவிடும். மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம். மகளின் போனில் ரீசன்ட்லி டிலீட்டட் என்ற ஃபோல்டரில் அழித்த படம் 30 நாள் இருக்கும். கடை வைத்திருந்த ஐந்து கிழமையில் அந்தக் காலமும் போய்விட்டது. முதல் கிழமையிலேயே யாராவது மகளிடம் கேட்டிருந்தால் 312ம் கிடைத்திருக்கும்.

41 படங்கள் மட்டும் தப்பின. டீச்சர் லேப்டொப்பைக் கடைக்குக் கொடுக்க முன், திறக்காத படங்களில் 41ஐ மகளுக்கே இமெயில் பண்ணிப் பார்த்திருந்தார். மகளுக்குத் திறக்கவில்லை. "ஈமெயிலும் பழுது, அதையும் செய்யணும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஜிமெயிலில் ஒரு கடிதத்துடன் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. கூடினால் ஜிமெயில் அவற்றை கூகுள் டிரைவில் ஏற்றி, கடிதத்தில் லிங்க் மட்டும் வைக்கும். அனுப்பும்போது, பெறுபவருக்குப் பார்க்க அனுமதி கொடுக்கவா என்று ஒரு பெட்டி வரும். அதைத் தவறவிட்டால் மறுபக்கத்தில் ரிக்குவெஸ்ட் அக்செஸ் (அனுமதி கேளுங்கள்) என்றுதான் தெரியும். படங்கள் டிரைவில் முழு அளவில் அப்படியே இருந்தன. ஷெயார் பட்டனை அழுத்தி மகளின் விலாசத்தைச் சேர்த்ததும் அவருக்குத் திறந்துவிட்டது.

ஈமெயிலைப் பார்க்க வேண்டும் என்று கடையில் ஜிமெயில் பாஸ்வேர்டையும் வாங்கி, வேலை விபரம் குறிக்கும் ஜொப் கார்டில் எழுதியிருக்கிறார்கள். கூகுள் கணக்கில் செக்யூரிட்டிக்குள் யுவர் டிவைசஸ் பகுதியைப் பார்த்தபோது, டீச்சருடையதல்லாத ஒரு போன் இன்னும் உள்ளே இருந்தது. இப்படி இருந்தால் முதலில் பாஸ்வேர்டை மாற்றி, அந்தப் போனை சைன் அவுட் செய்யுங்கள். ரிக்கவரி போன் இலக்கம் உங்களுடையதா என்று பாருங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குங்கள். பிறகு ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபோர்வர்டிங், ஃபில்டர்ஸ் இரண்டையும் திறந்து, உங்கள் கடிதங்கள் வேறு விலாசத்துக்குப் போகின்றனவா என்று பாருங்கள். இந்தக் கடைசி இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பாஸ்வேர்டை மாற்றினாலும் கடிதங்கள் அப்படிப் போவது நிற்காது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நேர்மையாக வேலை செய்யும் கடைகள் நிறைய உண்டு. எந்தக் கடைக்குப் போவதானாலும், முதலில் படங்கள் முழுவதையும் நீங்களே ஒரு பென் டிரைவில் கொப்பி பண்ணி வீட்டில் வையுங்கள். திறக்காத படமும் கொப்பி ஆகும், 530 எம்பி என்றால் சில நிமிட வேலை. என்னைக் கேட்காமல் ஃபோர்மட் செய்ய வேண்டாம் என்று ஜொப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைச் சொல்லாமல், கேட்கும் இடத்தில் நீங்களே அடியுங்கள். படம் வெளிநாட்டில் இருந்து வட்ஸ்அப்பில் வர வேண்டுமென்றால், டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், அளவு குறையாது.

ஐபோன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு: செட்டிங்ஸ், கமெரா, ஃபோர்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கொம்பட்டிபிள் என்பதைத் தெரிவுசெய்தால், அதன்பிறகு எடுக்கும் படம் ஜேபெக்காக வரும். அம்மா அப்பாவின் கொம்பியூட்டரில் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்த பிறகே போனில் அழியுங்கள்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம். டீச்சரின் முறைப்பாட்டுக்கு அந்தப் பென் டிரைவையும் ஜொப் கார்டையும் எடுத்து வைத்திருக்கிறோம்.