பிரேக்-இன் ஆயில்: ரீபோர் இன்ஜினுக்குச் சரி, ஷோரூம் வண்டிக்கு வேண்டாம்

ஷோரூமிலிருந்து நேராக வந்த புது வண்டிக்கு, புது இன்ஜினைப் பழக்கும் முதல் ஓட்டத்துக்கென்றே விற்கும் பிரேக்-இன் ஆயில் டப்பாவைத் தனியாக வாங்கத் தேவையில்லை. ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு ஏற்றிய இன்ஜினுக்கு அதே டப்பா கொடுத்த காசுக்கு வேலை செய்யும். அப்படியானால் ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜினை ஆரம்பத்தில் பக்குவமாக ஓட்டிப் பழக்குவது என்பதே பழங்காலத்துப் பேச்சா என்றால், அதுவும் இல்லை. ஆயில் சிலருக்குத்தான் வேண்டும். ஓட்டும் முறை எல்லோருக்கும் வேண்டும்.

போரை, அதாவது சிலிண்டரின் உட்சுவரை, கையால் தடவினால் வழவழப்பாகத் தெரியும். ஆனால் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் கல் இழுத்த நுண்ணிய கோடுகள் ஒன்றையொன்று ஏறத்தாழ 45 டிகிரியில் வெட்டிக்கொண்டு அதில் ஓடும். கோட்டின் பள்ளம் ஆயிலைப் பிடித்து வைக்கிறது. மேடு ரிங்கோடு உரசித் தேய்கிறது. மேட்டின் நுனியும் ரிங்கின் முகமும் சேர்ந்து தேய்ந்து கச்சிதமாகப் பொருந்துவதைத்தான் ரிங் சீட் ஆவது என்கிறோம். ரிங் தன் சொந்த ஸ்பிரிங் விசையால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. எரியும் வாயு பிஸ்டன் பள்ளத்துக்குள் புகுந்து ரிங்கின் முதுகைத் தள்ளுகிறது. லோடு ஏறும்போது பெரும்பங்கு அழுத்தம் அதிலிருந்துதான் வருகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் நூறு நூறு கிலோமீட்டராக ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. மேடு தேயாமல் நிற்க, சுவரில் தங்கும் ஆயில் சூட்டில் கருகி வார்னிஷ் போலப் படிந்து பள்ளத்தை அடைக்கும். இதுதான் கிளேஸிங். கிளேஸ் ஆன போரை ஓட்டியே சரிசெய்வது அரிது. பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து, மறுபடி ஹோன் செய்ய வேண்டியிருக்கும்.

தொழிற்சாலையில் இந்த வேலையில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. முதலில் கரடான கல், பிறகு மென்மையான கல் அல்லது பிரஷ் என்று இரண்டு கட்டமாக ஹோன் செய்து, மேடுகளின் கூர் நுனிகளை முன்கூட்டியே தட்டையாக்கிவிடுகிறார்கள். பிளாட்டோ ஹோனிங் என்பது இதுதான். ரிங்குக்கு மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம்தான். புது வண்டிக்குத் தனி ஆயில் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இது.

ஆனாலும் தயாரிப்பாளர்கள் கையேட்டிலிருந்து ரன்னிங்-இன் பக்கத்தை எடுத்துவிடவில்லை. ஃபோக்ஸ்வாகன் கையேடு முதல் 1,000 கி.மீ. வரை முழு ஆக்சிலரேட்டர் கூடாது, அதிகபட்ச ஆர்பிஎம்மில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதே, அதன்பின் 1,500 கி.மீ. வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்கிறது. பிஎம்டபிள்யூ தன் எம் கார்களுக்கு 2,000 கி.மீ. வரை வரம்பு வைத்து, அந்த இடத்தில் இன்ஜின் ஆயிலோடு பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றச் சொல்கிறது. டொயோட்டாவின் கையேடுகள் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்டாதே என்று தனியாகவே எழுதுகின்றன. மூன்றிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள்: வெறுமனே மெதுவாக ஓட்டு என்று எதுவும் சொல்லவில்லை. "முதல் ஆயிரம் நாற்பதைத் தாண்டாதே" என்று வழிவழியாகச் சொல்லப்படும் அறிவுரையில் பாதிதான் சரி. மீதிப் பாதி கிளேஸிங்குக்குப் போடும் பாதை.

இனி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு குணங்களால் பிரேக்-இன் ஆயில் தனித்து நிற்கிறது. துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த தேய்மானத் தடுப்பு வேதிப்பொருள், அதாவது இசட்டிடிபி, இதில் அதிகம். அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்டும் உராய்வைக் குறைக்கும் சேர்மானமும் குறைவு. உராய்வை அடியோடு நீக்கிவிட்டால் ரிங் தேயாது. உராய்வை அப்படியே விட்டால் கேம் லோப், அதாவது வால்வைத் திறக்கும் கேமின் மேடு, தேய்ந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கத்தான் இந்தச் சேர்க்கை. இன்றைய ஐஎல்எஸ்ஏசி (கார் தயாரிப்பாளர்கள் கூட்டாக வகுத்த ஆயில் தரம்) பெட்ரோல் கார் ஆயிலில், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடில், பாஸ்பரஸ் 0.06 முதல் 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால்தான் அந்த வரம்பு. பிரேக்-இன் ஆயில்கள் அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை.

இந்தக் கூடுதல் பாஸ்பரஸால் அதிகம் பயன்பெறுவது ஃபிளாட் டாப்பெட் இன்ஜின். அதில் கேம் லோப், தன் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் டாப்பெட்டின் முகத்தில் வழுக்கி ஓடுகிறது. முதல் அரை மணி நேரத்தில் அந்த இரு முகங்களும் பொருந்தாவிட்டால் லோப் தேய்ந்து மழுங்கிவிடும். வழுக்காமல் உருளும் ரோலர் டாப்பெட் உள்ள இன்ஜினில் இந்தப் பயம் பெரிதாக இல்லை. அங்கே ஆயில் செய்வது ரிங்குக்கான உதவி மட்டும். இரும்பு லைனரில் புது ரிங் போட்ட இன்ஜின் நடுவில் வரும்: பிரேக்-இன் ஆயில் நல்லது, கிடைக்காவிட்டால் கையேடு சொல்லும் கிரேடில் சாதாரண மினரல் ஆயில் போதும்.

வாங்கக்கூடாத இடங்களும் உண்டு. ஈரக் கிளட்ச் (இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கிய கிளட்ச்) உள்ள பைக்குகளுக்கான ஜாசோ என்ற ஜப்பானியத் தரம் பாஸ்பரஸை 0.08 முதல் 0.12 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இல்லையென்றால் பைக்கில் ஊற்ற வேண்டாம். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். இது அந்த வகை அல்ல. வாரண்டியில் இருக்கும் வண்டியில் கையேடு சொல்லாத ஆயிலை ஊற்றுவது, பிறகு கோளாறு வந்தால் வாதாட வேண்டிய வேலை. தொழிற்சாலை ஊற்றி அனுப்பிய ஆயிலையும் அவசரப்பட்டு வடிக்க வேண்டியதில்லை. ஹோண்டா கார் கையேடுகள் பல, குறித்த நேரத்துக்கு முன் முதல் ஆயிலை மாற்றாதே என்றே சொல்லியிருக்கின்றன.

பிராண்டுகளைப் பொறுத்தவரை ஆம்சாயில், லூகாஸ் இரண்டும் எஸ்ஏஇ 30 ஒற்றைக் கிரேடில் தருகின்றன. டிரிவன் பிஆர்30 என்பது 5டபிள்யூ-30. ராயல் பர்ப்பிள் 10டபிள்யூ-30. இவற்றில் எது உயர்ந்தது என்ற சண்டையில் இறங்குவதை விட கிரேடைப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம். குளிர் ஊரில் ஒற்றைக் கிரேடு 30 காலையில் கெட்டியாக நிற்கும், பம்ப் அதை மேலே ஏற்றத் தாமதமாகும். அங்கே 5டபிள்யூ-30 போன்ற மல்டிகிரேடு எடுங்கள். டப்பாவிலேயே கூடுதல் இசட்டிடிபி இருக்கும்போது மேலும் ஒரு அடிட்டிவ் பாட்டில் ஊற்றுவது வீண்செலவு. அளவு மீறினால் கெடுதலும் உண்டு. சிந்தெடிக் ஊற்றினால் ரிங் சீட் ஆகாது என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம்: கார்வெட் 1992 முதல் மொபில் 1 சிந்தெடிக்கோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது.

எவ்வளவு நல்ல ஆயிலாக இருந்தாலும், அசெம்பிளியில் நடந்த தவற்றை அது மறைக்காது. ஹோன் செய்த போரை பெட்ரோலில் கழுவினால் கல்லின் பொடி பள்ளத்திலேயே தங்கிவிடும். சுடுநீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஆயில் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். பிஸ்டனை ஆயிலில் முக்கி எடுத்து ஏற்றும் பழக்கமும் வேண்டாம். ஸ்கர்ட்டில், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பக்கத்தில், மெல்லிய பூச்சு போதும். ரிங்கில் வழிய வழிய நிற்கும் ஆயிலே முதல் ஸ்டார்ட்டில் கருகி கிளேஸ் ஆகிறது.

ஏற்றிய இன்ஜினில் முதலில் ஆயில் பம்பை பிரைம் செய்து (ஸ்டார்ட் செய்யாமலே ஆயிலை ஏற்றி), ஆயில் பிரஷர் வந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இக்னிஷன் டைமிங்கும் பெட்ரோல் சப்ளையும் முன்பே சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பச் சுற்ற வைத்தால் கேமில் பூசிய பேஸ்ட் துடைபட்டுப் போகும். ஃபிளாட் டாப்பெட் என்றால் ஸ்டார்ட் ஆன கையோடு 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, இருபது முப்பது நிமிடம் அங்கேயே சற்று ஏற்றி இறக்கி வையுங்கள். ஐடிலில் விடக்கூடாது, ஏனென்றால் கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கிறது. மற்ற இன்ஜின்களில் கசிவு, பிரஷர், சூடு மூன்றையும் பார்த்த உடனே ரோட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடாக இன்னும் பத்து நிமிடமாவது பிடிக்கும்; அதுவரை மிதமாக ஓட்டுங்கள்.

பிறகு மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,000 வரை பாதிக்கு மேல் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஏற்றி, காலை முழுவதும் எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விடுங்கள். ஏற்றும்போது வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. விடும்போது உருவாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்து, தேய்ந்த துகளைக் கழுவி, ரிங்கைக் குளிர்விக்கிறது. நடுவே ஓரிரு நிமிடம் சும்மா ஓட்டி எட்டுப் பத்து முறை செய்யலாம். டீசலுக்கும் சின்ன பைக்குக்கும் இந்த ஆர்பிஎம் எண்கள் பொருந்தாது; ரெட்லைனில் மூன்றில் இரண்டு பங்கை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கியரில் முக்க வைத்து ஓட்டுவதும், ஹைவேயில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போவதும், வீட்டு வாசலில் ஐடிலில் நிறுத்தி "சூடாக்குவதும்" மூன்றுமே வேண்டாம். முதல் நாளே ரெட்லைன் வரை முறுக்கு என்பவர்கள் ரிங் விஷயத்தில் பாதி உண்மை சொல்கிறார்கள். புது பிஸ்டன் ஸ்கர்ட்டையும் பேரிங்கையும் டிஃபரன்ஷியல் கியரையும் மறந்துவிடுகிறார்கள்.

ஷோரூம் வண்டிக்கும் இதே முறைதான், கையேடு சொல்லும் வரம்புக்குள். பைக்கில் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கியர்பாக்ஸும் கிளட்சும் இன்ஜின் ஆயிலிலேயே குளிப்பதால் அவற்றின் துகளும் அதில்தான் சேரும். பல தயாரிப்பாளர்கள் 500 முதல் 1,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வது அதனால்தான். காரில், கையேடு தடுக்காவிட்டால், 2,000 கி.மீ. அளவில் ஒருமுறை மாற்றுவதால் நஷ்டமில்லை, பெரிய லாபமும் இல்லை. ரீபோர் இன்ஜினில் பிரேக்-இன் ஆயிலை 800 கி.மீ.க்கு மேல் வைத்திருக்காதீர்கள். டிடர்ஜென்ட் குறைந்த ஆயில் நீண்ட ஓட்டத்துக்கு ஆனது அல்ல.

வடிக்கும்போது சூடாக வடியுங்கள். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பு. விரலில் குத்தும் சில்லு என்றால் இயல்பு அல்ல. ஃபில்டரை மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீறிடும். கழற்றிய ஃபில்டரை பைப் கட்டரால் வெட்டிக் காகிதத்தை விரித்துப் பார்க்கலாம்; ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். செம்பு நிறச் செதில் தெரிந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆயிலை லேபில் கொடுத்தால் முதல் அறிக்கையில் சிலிக்கன் ஏறித் தெரியும். ஏர் ஃபில்டர் ஓட்டை என்று முடிவு கட்டும் முன், அது கேஸ்கெட் சீலன்ட்டிலிருந்தும் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் 3,000 கி.மீ. வரை 500 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் குறைவது சகஜம். அந்தக் குறைவு வரவர இறங்க வேண்டும். இறங்காமல் அதே அளவில் நின்றால், கம்ப்ரெஷன் டெஸ்ட்டோடு, சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் ரிங் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. 20 சதவீதத்தைத் தாண்டினால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வையுங்கள்: அங்கே காற்று சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு.