தலை இருக்க வால் ஆடும் லீக்: 2025 போலந்து ஸ்பீட்வேயில் யாருக்கு வாய்ப்பு?

"தலை இருக்க வால் ஆடலாமா" என்று வீட்டில் பெரியவர்கள் அதட்டுவார்கள். போலந்தின் ஸ்பீட்வே (மோட்டார் சைக்கிள் பந்தய) லீக்கான எக்ஸ்ட்ராலிகாவைப் பார்க்கத் தொடங்கினால் அந்தப் பழமொழியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட வேண்டும். அங்கே வால்தான் ஆடும். வால் ஆடாத அணி, தலையில் உலக சாம்பியனையே வைத்திருந்தாலும் செப்டம்பர் கடைசியில் இறுதிப் போட்டியை டிவியில்தான் பார்க்கும்.

இதை 2025 சீசன் தொடங்கும் முன் எழுதுகிறேன்; ஆட்டங்கள் ஏப்ரலில் தொடங்குகின்றன. கடந்த ஆண்டு முதல் மூன்று இடங்களைப் பிடித்தவை லூப்ளின், வ்ரோட்ஸ்வாஃப், தோருன். இந்த ஆண்டும் கோப்பைக்கான பேச்சு இந்த மூன்றைச் சுற்றியேதான். அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். மீதி ஐந்து அணிகளுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நீள்வட்டப் பாதை, நான்கு பேர், நான்கு சுற்று. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 500 சிசி வண்டி, எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக்கே கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள். லீக் ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு பேர் வீதம் 15 ஓட்டம்; ஒவ்வொன்றும் ஒரு ஹீட். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, பிறகு 2, 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். ஆக ஒரு ஹீட்டில் 6 புள்ளி, ஆட்டத்தில் 90. 46 எடுத்தால் வெற்றி.

அணி அமைப்பில்தான் சூட்சுமம். ஐந்து சீனியர்கள், அதில் ஒருவர் 24 வயதுக்கு உட்பட்டவர். கூடவே 21 வயது வரையிலான இரண்டு ஜூனியர்கள். ஜூனியர்கள் போலந்துக்காரர்களாகவே இருக்க வேண்டும். பணம் இருந்தால் டென்மார்க்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சீனியர்களைப் பிடித்து வரலாம். நல்ல ஜூனியரை அப்படிப் பிடிக்க முடியாது. நாட்டிலேயே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

காகிதத்தில் ஒரு கணக்குப் போடுவோம். நான்கு பெரிய சீனியர்கள் ஆளுக்கு 10 எடுத்தால் 40. மீதி 6 புள்ளியை வால் மூவரும், அதாவது 24 வயதுக்கு உட்பட்டவரும் இரண்டு ஜூனியர்களும், சேர்ந்து எடுத்தால் போதும், ஜெயித்துவிடலாம். சொந்த மைதானத்தில் இது நடக்கும். வெளியூரில் போய் நின்றால் அதே நால்வரும் எட்டரைக்கு இறங்குவார்கள், கூட்டினால் 34. இப்போது வாலிடமிருந்து 12 வேண்டும். ஒன்றிரண்டு புள்ளியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பிட்டுக்குத் திரும்பும் பையன்களிடம் 12 கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. எல்லா அணிக்கும் நான்கு பெரிய பெயர்கள் இருக்கின்றன. அந்த 12 யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் லூப்ளின். 2022, 2023, 2024 என்று வரிசையாக மூன்று பட்டம். இத்தனைக்கும் 2019-இல்தான் நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் பிரிவுக்கே வந்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் அவர்கள் செய்த பெரிய காரியம், ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக், ஜாக் ஹோல்டர், டொமினிக் குபேரா, ஃப்ரெட்ரிக் லிண்ட்கிரென், மத்தேயுஷ் செர்னியாக், ஜூனியர்களாக விக்டர் ப்ஷியெம்ஸ்கி, பார்தோஷ் பன்போர். போன வருட அணி அப்படியே. (குபேராவை அறிவிப்பாளர் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எனக்கு அட்சய திருதியை ஞாபகம் வந்து தொலைக்கிறது.)

ஸ்மார்ஸ்லிக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2019, 2020, 2022, 2023, 2024 என ஐந்து உலகப் பட்டம், வயது இப்போதுதான் முப்பதைத் தொடுகிறது. ஆனால் லூப்ளினைப் பார்த்து மற்ற அணிகளுக்கு வயிற்றில் புளி கரைவது அவரால் மட்டுமில்லை. வாலைப் பாருங்கள். 24 வயதுக்கு உட்பட்டவர் இடத்தில் இருக்கும் செர்னியாக், 2022-லும் 2023-லும் உலக ஜூனியர் சாம்பியன். ஜூனியர் இடத்தில் இருக்கும் ப்ஷியெம்ஸ்கி, 2024-இன் உலக ஜூனியர் சாம்பியன். மூன்று வருட ஜூனியர் மகுடமும் ஒரே அணியின் வாலில் இருக்கிறது! இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆட்டத்தின் இரண்டாவது ஹீட் ஜூனியர்களுக்கு மட்டுமானது. அடுத்த முறை லூப்ளின் ஆட்டம் பார்த்தால் அந்த ஹீட்டில் ப்ஷியெம்ஸ்கியின் இடது கையைக் கவனியுங்கள். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடாவுக்கு முன்னால் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். பையன் பின்சக்கரத்துக்காகக் குதிகாலால் மண்ணைக் கீறிச் சின்னப் பள்ளம் செய்திருப்பான். மற்ற மூவரும் நாடாவையே முறைத்துக்கொண்டு, தோள் இறுகி, கிளட்சை விடுவதா வேண்டாமா என்று தவிப்பார்கள். இவன் விரல் மட்டும் தளர்வாக இருக்கும். நாடா எகிறும்போது வண்டி ஏற்கெனவே நகர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். முதல் வளைவுக்குள் வேலை முடிந்தது. பன்போரும் பின்னாலேயே வந்துவிட்டால் 5-1. முதல் ஹீட்டில் சீனியர்கள் வாங்கிய அடியெல்லாம் அத்தோடு சரியாகிவிடும். அதற்குப் பிறகும், ஒரு சீனியருக்கு அன்று வண்டி ஒத்துழைக்கவில்லை என்றால் அவர் இடத்தில் இந்தப் பையனையே மறுபடி அனுப்பலாம். பயிற்சியாளர் மாச்சேய் குச்சியாபாவுக்கு இது தலைவலி இல்லாத வேலை.

குறை இல்லையா? இருக்கிறது. லிண்ட்கிரெனுக்கு 39 வயது. கடந்த ஆண்டு உலகத் தொடரில் மூன்றாம் இடம் பிடித்தவர்தான். ஆனாலும் இந்த வயதில் சரிவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. இன்னொன்று, பெரிய சீனியர்கள் நால்வருமே உலகப் பட்டத்துக்கான கிராண்ட் பிரிக்ஸ் தொடரிலும் ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை இரவு ஒரு நாட்டில் உலகத் தொடர், மறுநாள் மாலை லீக். வேனில் தூங்கி எழுந்து வண்டி ஏறுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் இது உடம்பில் தெரியும்.

அடுத்து தோருன். கோப்பர்நிகஸ் பிறந்த ஊர். அங்கே இப்போது சூரியனைச் சுற்றிப் பூமி ஓடுகிறதோ இல்லையோ, ஊர் மொத்தமும் மோட்டோஅரேனாவைச் சுற்றித்தான் ஓடுகிறது. 15,000 பேருக்கு மேல் உட்காரும் அந்த மைதானம் 2009-இல் திறந்தது. அணி கடைசியாகப் பட்டம் வாங்கியது 2008-இல், பழைய மைதானத்தில் இருந்தபோது. ஆக, புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய பிறகு ஒரு கோப்பை கூட உள்ளே வரவில்லை. 2019-இல் இரண்டாம் பிரிவுக்கே இறங்கி, 2021-இல் திரும்பினார்கள். வாஸ்து பார்க்காத குறைதான்.

இந்த ஆண்டு அவர்களின் தலை, லூப்ளினின் தலையோடு நேருக்கு நேர் நிற்கும். எமில் சைஃபுத்தினோவ், பாட்ரிக் டூடெக், ராபர்ட் லாம்பர்ட். இவர்களோடு புதிதாக மிக்கெல் மைக்கெல்சன். லாம்பர்ட் கடந்த ஆண்டு உலகத் தொடரில் இரண்டாம் இடம். மைக்கெல்சன் மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன், அதோடு 2022-இல் லூப்ளினுக்கு முதல் பட்டம் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தவர். மறுபக்கம் லூப்ளினின் ஜாக் ஹோல்டர் ஒரு காலத்தில் தோருன் ஆள். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி, இரண்டு பக்கமும் மற்றவர் வீட்டு அடுப்படி வரை தெரிந்தவர்கள்.

சைஃபுத்தினோவ் விஷயத்தில் எண்களில் தெரியாத ஒரு சங்கதி உண்டு. 2022-இல் ரஷ்ய வீரர்கள் மீது தடை வந்தபோது அந்த லீக் சீசன் முழுதும் அவர் வெளியே இருந்தார். போலந்துக் குடியுரிமை இருந்ததால் 2023-இல் லீக்குக்குத் திரும்பினார். கிராண்ட் பிரிக்ஸ் கதவு மட்டும் இன்னும் மூடியே இருக்கிறது. அவருக்கு இது வருத்தம். தோருனுக்கு லாபம். சனிக்கிழமை இரவு வேறு நாட்டில் வண்டி ஓட்டாமல் வீட்டில் தூங்கிவிட்டு வருகிற, உலகத் தரம் வாய்ந்த ஒரு வீரர் கையில் இருக்கிறார்.

அப்புறம் அந்த 12 புள்ளிக் கேள்வி. தோருனிடம் பதில் திக்குகிறது. 24 வயதுக்கு உட்பட்டவர் இடத்துக்குச் செக் நாட்டுக்காரர் யான் க்வெஹை எடுத்திருக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் ஒரு வாரம் 8 எடுப்பார், மறுவாரம் 2 எடுப்பார் என்ற ரகம். ஜூனியர்களில் க்ஷிஷ்தோஃப் லெவாண்டோவ்ஸ்கிக்கு அனுபவம் இருக்கிறது, அந்தோனி கவ்சின்ஸ்கி வளர்ந்துவரும் பையன். ப்ஷியெம்ஸ்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு பேருமே சிறிதாகத் தெரிகிறார்கள். வெளியூர் ஆட்டங்களில் இரண்டாவது ஹீட் முடிந்ததுமே தோருன் துரத்த ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பயிற்சியாளர் பியோத்ர் பாரோன் நிதானமான ஆள். துரத்துகிற அணிக்கு அது உதவும்.

வ்ரோட்ஸ்வாஃப் எனக்குப் பிடித்த அணி. அதனாலேயே அதை நான் நம்புவதில்லை. ஆர்த்தெம் லகூதா 2021 உலக சாம்பியன், சைஃபுத்தினோவைப் போலவே கிராண்ட் பிரிக்ஸுக்கு வெளியே நிற்பவர். லீக்கில் அவர் ஓட்டும்போது அந்தக் கோபம் வண்டியில் தெரியும். மாச்சேய் யானோவ்ஸ்கி ஊர்ப் பிள்ளை. டான் பியூலி வெளிப்பாதை வழியாக மூன்று பேரை ஒரே வளைவில் தாண்டுகிற ஆள், 2022-இல் கார்டிஃப் கிராண்ட் பிரிக்ஸை வென்றவர். இந்த மூவரும் அணியின் 2021 லீக் பட்டத்தில் பங்குள்ளவர்கள்.

நான்காவது நாற்காலியில்தான் மாற்றம். 2012 முதல் அங்கே இருந்த டை வோஃபின்டென், மூன்று முறை உலக சாம்பியன், இரண்டாம் பிரிவுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் ஆஸ்திரேலியாவின் பிராடி குர்ட்ஸ். கடந்த ஆண்டு குர்ட்ஸ் இரண்டாம் பிரிவில்தான் ஓட்டினார். இந்த ஆண்டுதான் கிராண்ட் பிரிக்ஸிலும் முழுநேர இடம். பெயரைக் கழித்துவிட்டு ஓட்டத்தை மட்டும் பார்த்தால், வோஃபின்டென் போய் குர்ட்ஸ் வந்தது நஷ்டமில்லை என்பது என் கணக்கு. இதைச் சொல்லும்போதே மனசு உறுத்துகிறது. மார்ச் கடைசியில் க்ரோஸ்னோவில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் வோஃபின்டென் மோசமாக விழுந்து பல எலும்புகள் உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாம் எண்களை வைத்து ஆரூடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரேக் இல்லாத வண்டிகள் சுவரில் மோதுகின்றன.

வ்ரோட்ஸ்வாஃபின் வால் நடுத்தரம். 24 வயதுக்கு உட்பட்டவராகப் பார்த்வோமியெய் கோவால்ஸ்கி, ஜூனியர்களாக யாகுப் க்ராவ்சிக், மார்செல் கொவோலிக். தோருனைவிட ஒரு படி மேல், லூப்ளினைவிட இரண்டு படி கீழ். சொந்த ஊரில் யாரையும் அடிப்பார்கள். வெளியூரில் எந்த வ்ரோட்ஸ்வாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

மூன்றையும் தராசில் வைத்தால், 14 சுற்று முடியும்போது அட்டவணையில் லூப்ளின் முதலிடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீண்ட சீசனில் வால் ஜெயிக்கும். ஒருவர் காயம்பட்டாலும் ஓட்ட ஆள் இருக்கும். பிளே-ஆஃப் வேறு கதை. கடந்த ஆண்டு வரை ஆறு அணிகள் உள்ளே போயின, தோற்றவர்களில் ஒருவருக்கு மறுவாய்ப்பும் இருந்தது. இந்த ஆண்டு முதல் நான்கு அணிகள் மட்டும். அரையிறுதி, இறுதி, இரண்டுமே உள்ளூர் ஒன்று, வெளியூர் ஒன்று என்று இரண்டு ஆட்டம், புள்ளிகளின் கூட்டல். அங்கே தோருன் மோட்டோஅரேனாவில் 14, 16 புள்ளி முன்னிலை சேர்த்துக்கொண்டு போனால், லூப்ளினில் வால் ஆடாவிட்டாலும் தாக்குப்பிடிக்கலாம். ஜெயிக்கத் தேவையில்லை, கொஞ்சமாகத் தோற்றால் போதும். அதனால் இறுதியில் லூப்ளினுக்கு நூற்றுக்கு 55, தோருனுக்கு 45 என்று சொல்வேன். வ்ரோட்ஸ்வாஃபுக்கு மூன்றாம் இடம். லூப்ளின் ஜெயித்தால் தொடர்ந்து நான்காவது பட்டம், 2017 முதல் 2020 வரை லெஷ்னோ செய்தது போல. அந்த லெஷ்னோதான் 18 பட்டங்களோடு கடந்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது என்பதை லூப்ளின்காரர்களுக்கு யாராவது நினைவுபடுத்தினால் நல்லது.

நான்காம் இடத்துக்கு க்ருஜோன்ட்ஸும் ஸியெலோனா கூராவும் மல்லுக்கட்டும். க்ருஜோன்ட்ஸில் மேக்ஸ் ஃப்ரிக், மைக்கேல் யெப்சன் யென்சன். ஸியெலோனா கூராவுக்கு லியோன் மேட்சன் வந்திருக்கிறார். என் ஓட்டு க்ருஜோன்ட்ஸுக்கு. அவர்கள் மைதானத்தில் வெளியூர் அணிகள் எப்போதும் திணறும். செஸ்தொஹோவா ஜேசன் டாயிலை எடுத்தது, மேட்சனையும் மைக்கெல்சனையும் இழந்தது. ஒரு கையில் வாங்கி இரு கையால் கொடுத்த கதை. கோஷூஃபில் மார்ட்டின் வாட்சுலிக் இருக்கிறார், ஆனால் குளிர்காலம் முழுக்க அங்கே பேச்சு வண்டியைப் பற்றி இல்லை, கடனைப் பற்றி.

இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த ரிப்னிக், நிக்கி பெடர்சனை அழைத்து வந்திருக்கிறது. 2003, 2007, 2008 உலக சாம்பியன், ஏப்ரலில் 48 வயது. ப்ஷியெம்ஸ்கி பிறப்பதற்கு முன்பே உலகப் பட்டம் வாங்கியவர். ரிப்னிக் தங்குமா என்று கேட்டால் தங்காது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு பேரும் ஒரே ஹீட்டில் நாடாவுக்கு முன் நிற்கும் நாள் வந்தால், அன்று அட்டவணையைப் பார்க்காமல் முதல் வளைவைப் பார்ப்பதாக இருக்கிறேன். பெடர்சன் உள்பாதையை யாருக்கும் சும்மா விட்டுக் கொடுத்ததில்லை.